பாத்தி மிதித்தவர்கள்

2006 ஜூலையிலிருந்து 2008 பிப்ரவரி வரை ‘உமட்டி’ என்ற பெயரில் ஒரு வலைப்பதிவு எழுதினேன். மொத்தம் 61 பதிவுகள். அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, விடுதித் தோழி ஒருத்தி அச்செடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் போட்டுவைத்தது. இன்னொன்று, துபாயில் இருந்த, நான் நேரில் பார்த்தேயிராத ஒரு பெண் தன்னுடைய பதிவில் முழுதாக எடுத்துப் போட்டது. மற்ற 59ஐயும் யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. நானேதான் அழித்தேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

‘உமட்டி’ என்ற பெயர் சிறுபாணாற்றுப்படையிலிருந்து எடுத்தது. அதில் வரும் எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்வார்கள். உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகப் போகும் உமணர்களும் அந்தப் பாட்டில் வருகிறார்கள். அவர்கள் மனைவியர் உமட்டியர். அந்த உமட்டியர் பெற்ற பிள்ளைகளோடு ஒரு குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் குலுக்கி விளையாடும். அழகான காட்சி. முதுகலையில் அதை எங்களுக்கு நடத்திய ஆசிரியர் குரங்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு அந்த உமட்டி எத்தனை கூடை சுமந்தாள் என்று தெரிய வேண்டியிருந்தது. ஏனென்றால் என் அம்மா மரக்காணத்து உப்பளத்தில் கூடை சுமந்து வளர்ந்தவள். பாத்தியிலிருந்து உப்பை வாரிக் கரையேற்றுவது ஆண்கள் வேலை, அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது பெண்கள் வேலை. கல்யாணம் கட்டிக்கொண்டு இடையஞ்சாவடிக்கு வந்தபிறகு அம்மா முந்திரிக்கொட்டை பொறுக்கினாள், அப்புறம் பக்கத்தில் ஆரோவில்லில் ஒரு சமையற்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். உப்பு அவளை விடவில்லை. பாதத்து வெடிப்பில் இன்னும் இருக்கிறது.

இந்தக் கதைகளை எங்கே எழுதுவது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆய்வேட்டில் இடமில்லை. பத்திரிகைக்கு அனுப்பினால் கவிதை இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த நேரத்தில்தான் தமிழில் யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், காசு கேட்க மாட்டார்கள், ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது என்று விடுதியில் ஒரு பேச்சு வந்தது.

தமிழ் இணைய வரலாறு என்று கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகளை இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு அது ஆண்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட குழுப்படம் போலத் தெரியும். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு, அதில் பிறந்த தமிழ் 99 விசைப்பலகை. முகுந்தராஜின் எ-கலப்பை. ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் செய்து கொடுத்த எழுத்துரு மாற்றிகள். அதிராம்பட்டினத்து உமர்தம்பி செய்த தேனீ இயங்கு எழுத்துரு. இவர்களில் ஒருவரையும் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. பெரும்பாலானோர் இந்த வேலையைச் சம்பளமில்லாமல், பிழைப்புக்கான வேலை போக மிஞ்சிய இரவுகளில் செய்தார்கள். உமர்தம்பி 2006 ஜூலையில் இறந்தபோது அவர் முகத்தையே பார்த்திராத எத்தனையோ பேர் வீட்டில் ஓர் ஆள் போனதுபோல எழுதினார்கள். நான் முதல் பதிவு போட்ட மாதம் அது. அவர் செய்த எழுத்துருவில்தான் என் பதிவும் பலருக்குத் தெரிந்தது.

அது எப்படி என்று இன்றைய மாணவிகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கைப்பேசியில் தமிழைப் பார்க்கிற தலைமுறை அவர்கள்.

ஒருங்குறி பரவுவதற்கு முன்னால், தமிழ் எழுத்துக்குக் கணினியில் சொந்த வீடு கிடையாது. ஐரோப்பிய எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய இருக்கைகளில் நம் எழுத்தைக் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். எந்த இருக்கையில் எந்த எழுத்து என்பது ஆளுக்கு ஆள் வேறு. திஸ்கி ஒரு வரிசை, தாப் ஒரு வரிசை, நாளிதழ்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வரிசை. அதற்குரிய எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால், கொம்பும் வாலும் முளைத்த பிரெஞ்சு எழுத்துகள் போலக் கிறுக்கல்தான் தெரியும். ஒருங்குறியில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி கிடைத்தது. ஆனால் விண்டோஸ் 98 அதைப் புரிந்துகொள்ளாது. விண்டோஸ் எக்ஸ்பி புரிந்துகொள்ளும், அதற்கும் ஓர் அமைப்பை முடுக்கிவிட வேண்டும், முடுக்க மென்பொருளின் மூலக் குறுந்தகடு வேண்டும். புதுச்சேரியில் நான் போன பிரவுசிங் சென்டர்களில் அந்தக் குறுந்தகடு எவரிடமும் இல்லை. “தமிழ்லாம் வராதும்மா” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தமிழ் வரும், நீங்கள் வரவிடவில்லை என்று சண்டை போடுகிற வயது எனக்கு. சண்டை போட்டால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

தேனீ இந்த இடத்தில்தான் வந்தது. பக்கத்தைத் திறந்தவுடன் எழுத்துரு தானே இறங்கி வந்து தமிழைக் காட்டும். உள்ளிடுவதற்கு எ-கலப்பையை நிறுவிக்கொள்ள வேண்டும். சென்டரில் எதையும் நிறுவ அனுமதி கிடையாது. அதனால் சுரதாவின் பக்கத்தைத் திறந்து, ஒரு பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, இன்னொரு பெட்டியில் தமிழாக எடுத்து, வெட்டிக்கொண்டுவந்து ஒட்டுவேன். மணிக்கு 15 ரூபாய். 300 சொல் எழுத ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. அதனால் எல்லாவற்றையும் முதலில் 40 பக்க நோட்டில் எழுதிக்கொண்டு போய்ப் பார்த்துத் தட்டுவேன். அம்மா பார்த்துவிட்டு, “இன்னாடி இது, பரிச்ச முடிஞ்சும் எழுதினே கீற?” என்பாள்.

அந்த நோட்டு எங்கே போனது என்று கேட்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் கரையானுக்குப் போனது.

இப்போது அந்தக் குழுப்படத்துக்குத் திரும்புவோம். கருவி செய்தவர்களின் வரிசை முடிந்தவுடன் வரலாறும் முடிந்ததாக எழுதுவதுதான் வழக்கம். எழுத்துரு வந்தது, விசைப்பலகை வந்தது, அதனால் தமிழ் இணையத்தில் பெருகியது. எனக்கு இந்த ‘அதனால்’ உறுத்துகிறது. உப்பளத்தில் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிவிட்டால் உப்பு விளைந்துவிடுமா? பருவம் தொடங்கும்போது சேற்றுப் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். நாள் கணக்கில் மிதிக்க வேண்டும். இறுகாத பாத்தியில் விளையும் உப்பு மண்ணோடு வரும், விலை போகாது. ஐப்பசி கார்த்திகை மழையில் பாத்தி கரைந்துபோகும், அடுத்த தையில் மறுபடி மிதிக்க வேண்டும். தமிழ் வலைப்பதிவில் அந்த மிதிக்கிற வேலையைச் செய்தவர்கள் யார் என்று தேடினால், பெண்கள் நிறையப் பேர் தட்டுப்படுகிறார்கள்.

முதலில் சொல்ல வேண்டிய பெயர் மதி கந்தசாமி. கனடாவில் வாழும் ஈழத்துப் பெண். 2003இல் தமிழில் வலைப்பதிவுகள் ஒன்றிரண்டாக முளைத்தபோது, யார் யார் எங்கே எழுதுகிறார்கள் என்று ஒரு பட்டியல் போடத் தொடங்கினார். கேட்க எளிதாக இருக்கிறது. தேடுபொறியில் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடுவதே ஒழுங்காக நடக்காத காலம் அது. பாதிப் பேர் திஸ்கியில் எழுதினார்கள், பாதிப் பேர் ஒருங்குறியில். ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்த்து, புதிதாக வந்தவரை வரவேற்று, முகவரியைச் சேர்த்து, பட்டியல் கையால் வளர்ந்தது. புதிய கருவிகளை முதலில் தான் போட்டுப் பார்ப்பது, சரிவந்தால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று இருந்தவர் அவர். வாரம் ஒருவர் ஆசிரியராக இருந்து மற்றவர்களின் பதிவுகளை அறிமுகப்படுத்தும் ‘வலைப்பூ’ என்ற ஏற்பாட்டையும் நடத்தினார். நிரந்தர ஆசிரியர் இல்லாத ஓர் இதழ் என்று அதைச் சொல்லலாம். இந்த வாரம் நீ நடத்து, அடுத்த வாரம் அவள் நடத்தட்டும். சிற்றிதழ்ச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தமிழில் ஆசிரியர் நாற்காலியைச் சுற்றுக்கு விட்டார்கள் என்பதே நம்ப முடியாததாக இருந்தது.

வலைப்பூ என்ற சொல்லை உருவாக்கியவர் மணி மணிவண்ணன். பிறகு ‘வலைப்பதிவு’ என்ற சொல்லே நிலைத்தது. பூ என்றால் மென்மையாக இருக்கிறது, காத்திரமாக இல்லை என்று அப்போது சிலர் எழுதினார்கள். நெய்தல் நிலத்துக்காரியான எனக்கு வலையும் பூவும் ஒன்றாக இருப்பதில் ஒரு விகற்பமும் தெரியவில்லை. பூவை மட்டம் என்று நினைப்பவர்களுக்கு வேறு பல மட்டங்களும் இருக்கும்.

2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைத் தொடங்கினார். பதிவு போட்ட சில நிமிடங்களில் அதுவே திரட்டி முகப்பில் காட்டும். கையால் நடந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அது இல்லையென்றால் என்னை யாரும் படித்திருக்க மாட்டார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் தமிழ்மணம் வரலாற்றுக் கட்டுரைகளில் ஒரு முழுப் பத்தி, மதியின் பட்டியல் ஒரு வரி. இயந்திரம் செய்தால் அது கண்டுபிடிப்பு, கையால் செய்தால் அது உபகாரம். வீட்டில் நமக்கு ஏற்கெனவே பழகிய கணக்குதான் இது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் பிளாகர் என்ற கருவியை வெளியிட்டது. தமிழில் நாங்கள் பெரும்பாலோர் எழுதியது அதில்தான். அதை உருவாக்கியவர் என்று இவான் வில்லியம்ஸ் பெயரைச் சொல்வார்கள். நிறுவனத்தை அவரோடு சேர்ந்து தொடங்கிய மெக் ஹூரிஹான் என்ற பெண்ணின் பெயரை என் மாணவிகளில் ஒருத்தியும் கேட்டதில்லை, சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் கேட்டதில்லை. 2001இல் மூவபிள் டைப் வந்தது. மேனா டிராட் என்ற இளம்பெண் தன் அன்றாடக் குறிப்புகளை இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இருந்த கருவிகள் போதவில்லை என்று அவரும் அவர் கணவர் பென்னும் சேர்ந்து செய்த மென்பொருள் அது. ஒரு பெண்ணின் நாட்குறிப்புக்கு நல்ல கருவி வேண்டியிருந்தது, அதற்காக ஒரு கருவி பிறந்தது. தலைகீழாகவே கேட்டுப் பழகிய வரலாற்றுக்கு இது நல்ல மாற்று.

பெண்கள் அப்படி என்னதான் எழுதினார்கள்? நியூசிலாந்திலிருந்து துளசி கோபால் 2004இல் ‘துளசிதளம்’ எழுதத் தொடங்கினார். பயணம், கோயில், யானை, வீட்டுப் பூனை, தோட்டம். வாசகர்கள் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள், அவரும் வகுப்பு எடுப்பதுபோலவே எழுதினார். ஜெர்மனியிலிருந்து சந்திரவதனா புலம்பெயர்ந்த வீட்டின் நினைவுகளை எழுதினார். தமிழ்நதி போரையும் திரும்பிப்போக முடியாத வீட்டையும் எழுதினார், பின்னால் அச்சிலும் முக்கியமான எழுத்தாளரானார். இவர்களைத் தவிர, பெயர் சொல்லாமல் எழுதிய நூற்றுக்கணக்கானவர்கள். குழந்தைக்குக் காய்ச்சல், மாமியார் வந்திருக்கிறார், அடுக்களை ஒழுகுகிறது, பழைய பாட்டு ஒன்று கேட்டேன், எழுத்துரு தெரியவில்லை யாராவது உதவுங்கள். இந்தக் கடைசி வகைதான் என்னை இன்று மிகவும் ஈர்க்கிறது. வார்ப்புருவில் ஒரு நிரல் துண்டைத் தவறான இடத்தில் ஒட்டிப் பக்கமே காணாமல்போய், விடிய விடிய உட்கார்ந்து மீட்ட கதையை, ரசம் பொங்கி வழிந்த கதையோடு சேர்த்து எழுதியிருப்பார்கள். தொழில்நுட்பத்தை வெளியே நடக்கும் பெரிய காரியமாகப் பார்க்காமல், இடியாப்பக் குழலைக் கழற்றிக் கழுவி மாட்டுவதுபோல எழுதிய உரைநடை அது. அதற்கு முன் தமிழில் அப்படி ஒன்றை நான் படித்ததில்லை.

இதற்கு அன்று இருந்த பெயர் ‘மொக்கை’.

எங்கள் ஊரிலிருந்து 10 கிலோமீட்டருக்குள், புதுச்சேரியில், உலகம் போற்றும் ஒரு நாட்குறிப்பு எழுதப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் தான் இறக்கும் தறுவாய் வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை ஏறியது, அந்தத் துரை இதைச் சொன்னார், இன்னார் வீட்டில் கல்யாணம், துய்ப்ளேயின் மனைவி தன்மேல் கோள் சொன்னாள். எல்லாம் அன்றாடம்தான். நடை பேச்சுத் தமிழ்தான். வம்பும் தாராளமாக இருக்கிறது. பல பக்கங்களை இன்று யாராவது இணையத்தில் போட்டால் மொக்கை என்றுதான் சொல்வார்கள். ஆனால் 1846இல் அது கண்டெடுக்கப்பட்டது, படியெடுக்கப்பட்டது, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. அது இலக்கியமா என்று யாரும் கேட்கவில்லை, வரலாறு என்று எடுத்துக்கொண்டார்கள். சரிதான், வரலாறுதான். அதே வீட்டில் மங்கைத்தாயி என்ற மனைவி இருந்தார். அந்த அம்மாளின் நாட்களும் அன்றாடமாகத்தான் கழிந்திருக்கும். மையும் தாளும் ஒரு வீட்டில் இருப்பதும், அதை எடுத்து எழுதும் உரிமை ஒருவருக்கு இருப்பதும் வேறு வேறு.

எழுதும் கருவிக்கும் பெண்ணுக்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி இருந்திருக்கிறது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1924இல் ‘இந்திர மோகனா’ நாடகத்தைப் படைத்தபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அடுத்த ஆண்டே ‘ஜகன்மோகினி’ இதழைத் தானே வாங்கி நடத்தத் தொடங்கினார், பிறகு அச்சகமும் வைத்தார். நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள். அந்தப் பட்டம்மாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதினாள், ஒருத்தி பட்டியல் போட இன்னொருத்தி சேர்ந்தாள். எனக்கு வார்ப்புருவில் எழுத்துரு வரியை எங்கே சேர்க்க வேண்டும் என்று மின்னஞ்சலில் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தவரும் ஒரு பெண்தான், மஸ்கட்டில் இருந்தார். பிள்ளை தூங்கும் நேரத்தில் எழுதுவார். அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, ஏன் அழித்தேன்.

2008 தொடக்கத்தில் என் பதிவுகளுக்குக் கீழே பெயரில்லாத ஒருவர் எழுத ஆரம்பித்தார். முதலில் பாராட்டு. பிறகு, உப்பளத்துப் பெண்களின் உடம்பைப் பற்றி நான் எழுதிய பதிவுக்குக் கீழே, என் உடம்பைப் பற்றி. அதை நீக்கினேன். அடுத்த வாரம் வந்த பின்னூட்டத்தில் ஒரே ஒரு வரி. நான் மாலையில் எந்த நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பாதையில் ஊருக்கு நடக்கிறேன் என்பது. முந்திரித் தோப்புக்கு நடுவே போகும் அந்தச் செம்மண் பாதையில் அப்போது விளக்கு கிடையாது. அதே மாதம் என்னைப் பெண் பார்க்கவும் வந்தார்கள். உங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுதாமே என்று அவர்களில் ஒருவர் அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒரே ஆள் வேலையா, வேறு வேறா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சென்டருக்குப் போய், சுரதா பக்கத்தைத் திறக்காமல் நேராக உள்ளே போய், அழி என்ற பொத்தானை அழுத்தினேன். உறுதியாகத்தானா என்று கேட்டது. ஆமாம் என்றேன். ஐந்து நிமிடம். ஒரு மணி நேரத்துக்கான காசு வாங்கிக்கொண்டார்கள்.

போலீசுக்குப் போயிருக்கலாம், பின்னூட்டத்தை மூடியிருக்கலாம், பதிவைப் பிரதி எடுத்துக்கொண்டு அழித்திருக்கலாம். இன்றைக்கு என் மாணவிகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரு பொத்தான்.

அந்த மாப்பிள்ளை வீடு அமையவில்லை என்பது தனிக்கதை.

பெண்கள் வலைப்பதிவை விட்டு ஏன் போனார்கள் என்று கேட்டால் முகநூல் வந்தது என்று ஒரே பதில்தான் எல்லாக் கட்டுரையிலும். முகநூல் வந்தது உண்மை. நான் பேசிப் பார்த்த பெண்களில் பலருக்கு அதற்கும் முன்பே ஏதோ ஒன்று வந்திருந்தது. ஒரு பின்னூட்டம், ஒரு படம், கணவருடைய அலுவலகத்துக்குப் போன ஒரு மின்னஞ்சல். கருவியின் வரலாற்றில் இதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது?

பாக்தாத்தில் 2003இல் ரிவர்பெண்ட் என்ற புனைபெயரில் ஓர் இளம்பெண் எழுதினாள். போர், மின்வெட்டு, தண்ணீர், வேலையிழந்தது, உறவினர் வீடு. 2005இல் அமெரிக்காவில் பெமினிஸ்ட் பிரஸ் அதைப் புத்தகமாகவே போட்டது. அவள் யார் என்று உலகத்துக்குத் தெரியாது, ஆனால் எழுத்து இருக்கிறது. நம்மிடமும் போர் இருந்தது, மின்வெட்டு இருந்தது, 2004 டிசம்பர் 26 இருந்தது. அன்றைக்கு எங்கள் கரையில் படகுகள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இந்தியாவிலும் வெளியிலுமிருந்து முன்பின் அறியாதவர்கள், மும்பையின் தீனா மேத்தா உட்பட, சில மணி நேரங்களில் சுனாமி உதவிக்கென்று ஒரு வலைப்பதிவு தொடங்கி, யாருக்கு எங்கே என்ன வேண்டும் என்று திரட்டினார்கள். அன்றாடம் எழுதிப் பழகிய கைகள் ஆபத்தில் உடனே வேலைக்கு வந்தன. அதே நாட்களில் தமிழில் பெண்கள் எழுதியவற்றை யாராவது தொகுத்திருந்தால் இந்தக் கட்டுரையில் நான் இவ்வளவு தடுமாற வேண்டியிருக்காது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், மாணவி ஒருத்தி இளமுனைவர் ஆய்வுக்கு, பெண்களின் வலைப்பதிவுகளில் அன்றாட உரைநடை என்ற தலைப்பைக் கொண்டுவந்தாள். குழுவில் இருந்த மூவரும் என்னைவிட மூத்தவர்கள். இதில் இலக்கியத் தகுதி என்ன இருக்கிறது என்றார் ஒருவர். தரவு நாளைக்கு இல்லாமல் போய்விடுமே என்றார் இன்னொருவர். அந்த இரண்டாவது கேள்வி நியாயமானது, ஆனால் அவர் அதை ஆய்வைத் தடுப்பதற்கான காரணமாகச் சொன்னார். அவசரமாகச் செய்வதற்கான காரணம் அது என்று நான் சொன்னபோது, நீங்கள் கவிஞர், உணர்ச்சிவசப்படுகிறீர்கள் என்றார்கள். அவள் கடைசியில் ஒரு நாவலாசிரியரின் பாத்திரப்படைப்பைப் பற்றி ஏடு எழுதிப் பட்டம் வாங்கினாள். நல்ல ஏடுதான்.

தரவு உண்மையிலேயே போய்க்கொண்டிருக்கிறது. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடியபோது தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பல அதோடு போயின. 2020 டிசம்பரில் யாகூ குழுமங்கள் மூடின. வலைப்பதிவுகளுக்கு முன்னால் தமிழ்ப் பேச்சு நடந்ததே அங்கேதான். இணைய ஆவணக் காப்பகம் சில பக்கங்களை எடுத்து வைத்திருக்கிறது, முகவரி தெரிந்தால்தான் அங்கே தேட முடியும். அதனால் முகவரிகள் வேண்டும். அதாவது, மறுபடியும் ஒரு பட்டியல் வேண்டும்.

இரண்டு ஆண்டுகளாக நானும் நான்கு மாணவிகளும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். கோடு போட்ட 200 பக்க நோட்டு. கணினியில் போடக்கூடாதா என்று கேட்கிறார்கள், அதிலும் போட்டிருக்கிறோம், நோட்டும் இருக்கிறது. பதிவின் பெயர், எழுதியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், முகவரி, முதல் பதிவின் தேதி, கடைசிப் பதிவின் தேதி, இப்போது திறக்கிறதா இல்லையா. பழைய பதிவுகளின் ஓரத்தில் ‘நான் படிப்பவை’ என்று தோழிகளின் இணைப்புகள் இருக்கும், ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு அப்படித்தான் போகிறோம். திறக்காதவற்றுக்கு நேரே ஒரு புள்ளி வைக்கிறோம். புள்ளிகள் அதிகம். எழுதியவர் வெளிப்பட விரும்பவில்லையென்றால் பெயரைத் தேடிப்போவதில்லை என்று எங்களுக்குள் ஒரு விதி. அழித்தவர்களை ஏன் அழித்தாய் என்று கேட்பதில்லை என்று இன்னொன்று. இதை வாசிக்கும் உங்களில் யாரிடமாவது, அலமாரி அடியில் அச்செடுத்த தாள்களோ எரித்துவைத்த பழைய குறுந்தகடோ இருந்தால் எறியாதீர்கள், பதிப்பகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.

போன மாதம் அம்மாவிடம் அந்த அச்சுப் பிரதியை வாசித்துக் காட்டினேன். மரக்காணத்தில் பாத்தி மிதிப்பதைப் பற்றிய பதிவு அது. முழுக்கக் கேட்டுவிட்டு, தப்பா எழுதிகீற என்றாள். தையில் மிதிக்க இறங்கும்போது யாரும் தனியாக இறங்க மாட்டார்களாம். நான்கைந்து பேர் தோள்மேல் கைபோட்டு வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் கால் எடுத்து வைப்பார்களாம். தனியாக மிதித்தால் வழுக்கிவிடும். நான் ஒருத்தி மட்டும் மிதிப்பதாக எழுதியிருந்தேன். இப்போது அவள் கைப்பேசியில் குரல்பதிவு செய்து மரக்காணத்தில் இருக்கும் சித்திக்கு அனுப்புகிறாள், சித்தி பதில் அனுப்புகிறாள், ஒருநாளைக்கு பத்து பன்னிரண்டு. அவர்களுக்குள் பேசி, எத்தனை பேர் இறங்குவார்கள், வலது கால் முதலா இடது கால் முதலா என்று முடிவுக்கு வர இன்னும் இரண்டு நாளாகும் என்று சொல்லியிருக்கிறாள்.